இரத்தக் குழாயின் உட்காவல்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாடிப்படியில் இடறி விழுந்து முழங்காலில் பலத்த அடி பட்டுக்கொண்டேன். தோல் கிழியவில்லை, ஆனால் உள்ளே இரத்தம் கட்டிக்கொண்டது. மறுநாள் அந்த இடம் கருநீலமாக இருந்தது. நான்கைந்து நாட்களில் ஓரங்கள் பச்சையாயின. அதன்பின் மஞ்சள் நிறம் படர்ந்து, இரண்டு வாரங்களில் எல்லாம் மறைந்து போயிற்று. என் பாட்டி நாள்தோறும் மஞ்சளை அரைத்துச் சூடாக்கிப் பற்றுப் போட்டு வந்தார். ஆகையால் கடைசியில் தோன்றிய மஞ்சள் நிறம் அந்தப் பற்றின் கறையே என்று நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். பச்சை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பச்சையும் மஞ்சளும் எங்கிருந்து வந்தன என்பதை இப்பேச்சின் பிற்பகுதியில் சொல்லுகிறேன். நம் உயிரணுக்கள் இரத்தக் குழாய்களைக் காக்கும் வேலையில் அந்த நிறங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

என் பெரியப்பாவுக்கு நீரிழிவு நோய் இருந்தது. வலியில்லாத நோயை நோய் என்று ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. “உடம்பில் சர்க்கரை மிகுந்திருக்கிறதாம், நல்லதுதானே, கடையில் வாங்க வேண்டாம்” என்று வேடிக்கையாகச் சொல்லுவார். முதலில் அவருடைய கண்பார்வை மங்கிற்று. பிறகு காலில் உணர்ச்சி குறைந்தது. செருப்புக்குள் கிடந்த சிறு கல் ஒன்று நாள் முழுவதும் உள்ளங்காலை அறுத்தும் அவர் அறியவில்லை. அப்போது நான் கல்லூரி மாணவன். சர்க்கரையைப் பற்றிய ஒரு நோய், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் இதயத்தையும் ஏன் தேடிச்சென்று தாக்க வேண்டும் என்ற கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது. விடையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இவ்வுறுப்புக்கள் அனைத்துக்கும் பொதுவாக உள்ளவை இரத்தக் குழாய்கள். ஆனால் அந்த ஒரு வரியை விரித்துச் சொல்ல இன்று எனக்குக் கிடைத்துள்ள நேரம் முழுவதும் தேவைப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. ஆதலின் இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அன்று.

இரத்தக் குழாய் என்றதும் தண்ணீர்க் குழாயைப் போன்ற ஒரு வெற்றுக் குழலையே நாம் மனத்தில் வரைந்துகொள்ளுகிறோம். நெடுநாள் விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அப்படித்தான் கருதினார்கள். குழாயின் உட்புறத்தில், தரையில் கல் பாவியதுபோல, ஒற்றை வரிசையாகத் தட்டையான உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. இதனை உட்படலம் என்று அழைப்போம். மிக நுண்ணிய தந்துகிகளில் இந்த ஒற்றை வரிசையே குழாயின் சுவர். இது வெறும் உறை அன்று, வேலை செய்யும் உறுப்பு என்பது தெரியவந்த கதை சுவையானது. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் அறிஞர், முயலின் பெருந்தமனியைக் கீற்றுக்களாக வெட்டி மருந்துகளைச் சோதித்துவந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் குழாய்கள் விரிகின்றன. ஆனால் அவருடைய கீற்றுக்கள் சுருங்கின. 1978-இல் அவருடைய உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். அந்தத் தவற்றினிடையே, கீற்று சுருங்காமல் தளர்ந்தது. காரணத்தைத் துருவிப் பார்த்தபோது, வெட்டும் பொழுது கீற்றின் உட்புறம் எதன்மீதாவது உராய்ந்தால் உட்படலம் உரிந்துபோகிறது என்றும், உரியாமல் இருந்தால்தான் குழாய் தளருகிறது என்றும் விளங்கிற்று. உட்படலம் ஏதோ ஒரு தூதுப் பொருளை அனுப்புகிறது என்று அவர் 1980-இல் அறிவித்தார். அத்தூதுவன் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற எளிய வாயு என்பது பின்னர் உறுதியாயிற்று. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு பிராணவாயு அணு, அவ்வளவே. 1998-இல் இதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வாயு சில விநாடிகளே உயிர்வாழும். அதற்குள் குழாயைச் சூழ்ந்த தசையைத் தளர்த்தி, இரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் தடுத்து, வெள்ளணுக்கள் தேவையின்றிச் சுவருக்குள் நுழையாமலும் பார்த்துக்கொள்ளுகிறது. இதன் வரவு குறைந்தால் குழாய் விறைக்கும், சுவர் கரடாகும், கொழுப்புப் படிய இடம் ஏற்படும். எனவே நீரிழிவில் என்ன கெடுகிறது என்று கேட்பதைவிட, இந்த வாயுவை யார் திருடுகிறார்கள் என்று கேட்பதே பொருந்தும்.

திருடன், நாம் உயிர்நாடியாகக் கருதும் பிராணவாயுவின் வழியில் பிறந்தவன். உணவிலிருந்து பெறும் எலெக்ட்ரான்களை உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியா என்ற சிற்றறைகள் படிப்படியாகக் கைமாற்றிக் கடைசியில் பிராணவாயுவிடம் ஒப்படைக்கின்றன. அப்போது தண்ணீர் உண்டாகிறது. முழுமையாக நான்கு எலெக்ட்ரான்களைப் பெற்றால் பிராணவாயு அடங்கிவிடும். வழியில் ஒன்று மட்டும் தவறி அதனிடம் போய்ச் சேர்ந்தால், சூப்பர் ஆக்ஸைடு என்ற அரைகுறைப் பொருள் பிறக்கிறது. சுவாசிக்கும் உயிரணு எதிலும் இக்கசிவைத் தவிர்க்க இயலாது. இந்தச் சூப்பர் ஆக்ஸைடு நைட்ரிக் ஆக்ஸைடைச் சந்தித்தால் கணத்தில் அதனோடு இணைந்து, பெராக்ஸிநைட்ரைட்டு என்ற கொடிய பொருளாக மாறிவிடுகிறது. ஒரே அடியில் இரண்டு நட்டம்: காவலன் போனான், அவன் இருந்த இடத்தில் ஒரு பகைவன் வந்து நின்றான்.

இதற்கு உயிரணுவிடம் என்ன மாற்று இருக்கிறது? மாட்டின் இரத்தத்திலிருந்து 1938-ஆம் ஆண்டிலேயே நீலப்பச்சை நிறமுள்ள, தாமிரம் கலந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தனர். அது எதற்காக இருக்கிறது என்பது முப்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. தாமிரத்தைச் சேமித்துவைக்கும் பெட்டி போலும் என்று விட்டுவிட்டனர். 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக் கழகத்தில் மக்கார்டு, ஃபிரிடோவிச் என்ற இருவர், அப்புரதம் சூப்பர் ஆக்ஸைடை அழிக்கும் நொதி என்று நிலைநாட்டினர். அதற்குச் சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர். தாமிரமும் துத்தநாகமும் உடையது உயிரணுவின் பொதுவெளியில் உலவுகிறது. மாங்கனீஸ் உடையது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் காவல் நிற்கிறது. மூன்றாவது வகை உயிரணுவுக்கு வெளியே சென்று குழாயின் சுவரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாங்கனீஸ் நொதி இல்லாமல் பிறக்குமாறு செய்யப்பட்ட எலிக்குஞ்சுகள் பத்து நாட்களுக்குள் இதயம் நலிந்து மாண்டுபோயின. இவ்வளவு அடிப்படையான காவல் இது.

டிஸ்மியூட்டேஸ் வேலை செய்தபின் மிஞ்சுவது ஹைட்ரஜன் பெராக்ஸைடு. புண்ணில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதே திரவந்தான். அப்படி நுரைப்பது ஏன் என்றால், நம் இரத்தத்திலும் தசையிலும் உள்ள காட்டலேஸ் என்ற நொதி அதனைத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் உடைத்துவிடுகிறது. குளூட்டாதையோன் என்ற சிறு பொருள் மற்றொரு வழியில் அதே வேலையைச் செய்கிறது. ஒரு வேறுபாடு: குளூட்டாதையோன் ஒருமுறை பகைவனைத் தாங்கியதும் தானே செயலற்றுப்போகிறது. அதனை மீண்டும் போருக்குத் தகுதியாக்க என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள் வேண்டும். படைவீரனுக்குக் கஞ்சி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கஞ்சியை மறந்துவிடாதீர்கள்.

இனி சர்க்கரைக்கு வருவோம். தசையும் கொழுப்புத் திசுவும், இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் குளுக்கோஸைத் தாராளமாக உள்ளே விடும். உட்படல உயிரணுக்கள் அப்படியல்ல. வெளியே சர்க்கரை ஏறினால் உள்ளேயும் ஏறும். வாயிலை அடைத்துக்கொள்ளும் வல்லமை அவற்றுக்குப் போதாது. பெரியப்பாவின் கண்ணும் சிறுநீரகமும் முதலில் துன்புற்றதற்கு இது ஒரு காரணம். அங்கே நுண்குழாய்கள் நெருங்கிக் கிடக்கின்றன. உள்ளே மிகுந்த சர்க்கரை மைட்டோகாண்ட்ரியாவுக்கு அளவுக்கு மேல் எலெக்ட்ரான்களைத் தள்ள, சூப்பர் ஆக்ஸைடின் கசிவு பெருகுகிறது என்று மைக்கேல் பிரவுன்லீ என்ற அமெரிக்க மருத்துவர் 2001-இல் விளக்கினார். நீரிழிவின் பல்வேறு கேடுகளையும் ஒரே வேரில் கொண்டுபோய்ச் சேர்த்த விளக்கம் அது. அதன் சில பகுதிகளைப் பின்வந்தோர் மறுத்து வாதிட்டனர். சூப்பர் ஆக்ஸைடைத் தனியே உண்டாக்கும் வேறு நொதிகளும் குழாய்ச் சுவரில் உள்ளன. மைட்டோகாண்ட்ரியா ஒன்றையே குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயம் அன்று என்பது என் கருத்துமாகும்.

மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பங்கு சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றப்படுகிறது. அம்மாற்றத்துக்குச் செலவாவது எது தெரியுமா? அதே என்.ஏ.டி.பி.எச்.; வீரனுக்கு வைத்திருந்த அதே கஞ்சி. பகைவர் பெருகும் வேளையில் காவலரின் உணவும் பறிபோகிறது. இதனினும் வியப்பான கேடு ஒன்று உண்டு. நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும் நொதிக்கு ஒரு துணைப்பொருள் தேவை. பெராக்ஸிநைட்ரைட்டு அத்துணைப்பொருளைக் கெடுத்துவிட்டால், அந்நொதி நைட்ரிக் ஆக்ஸைடுக்குப் பதிலாகச் சூப்பர் ஆக்ஸைடையே உண்டாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது என்பதற்கு உடலியலில் இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது.

இவ்வளவு நெருக்கடியில் உயிரணு சும்மா இருப்பதில்லை. உண்மையில் அது எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது. எப்படி ஆயத்தமாக இருக்கிறது என்பதுதான் இத்துறையின் அழகிய பகுதி. என்.ஆர்.எஃப்.2 என்று ஒரு புரதம் உண்டு. அது உட்கருவுக்குள் சென்றால் நூற்றுக்கு மேற்பட்ட பாதுகாப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்ளும்: குளூட்டாதையோன் தயாரிக்கும் நொதிகள், என்.ஏ.டி.பி.எச். தயாரிக்கும் நொதிகள் முதலியன. ஆனால் அமைதியான காலத்தில் அது உட்கருவைச் சென்றடைவதே இல்லை. கீப்-1 என்ற மற்றொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பிறந்து சுமார் இருபது நிமிடங்களில் அதில் பாதி அழிந்துபோகும். ஓர் எழுத்தன் ஓயாமல் அரசனுக்கு ஓலை எழுதுகிறான். வாயிற்காவலன் ஒவ்வோர் ஓலையையும் வாங்கிக் கிழித்துப்போடுகிறான். இது என்ன வீண்வேலை என்று தோன்றும். வீண் அன்று. கீப்-1 புரதத்தில் கந்தகம் பொருந்திய பகுதிகள் உள்ளன. தீய ஆக்ஸிகரணப் பொருள்கள் வந்து அப்பகுதிகளைத் தாக்கினால் காவலனின் கை மரத்துப்போகிறது. ஓலைகள் கிழிபடாமல் நேரே அரசனிடம் போய்ச்சேருகின்றன. ஆபத்து வந்தபின் எழுத்தாணியைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. தாக்கப்படும் பொருளே அறிவிப்பு மணியாகவும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதியை 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் யமமோட்டோவும் அவருடைய குழுவினரும் வெளிப்படுத்தினர்.

அவ்வாறாயின் அந்தக் காவலனை ஒரேயடியாக நீக்கிவிட்டால் நல்லதல்லவா என்று மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி, ஜப்பானியரும் கேட்டனர். கீப்-1 இல்லாத எலிக்குஞ்சுகள் பிறந்து மூன்று வாரத்துக்குள் இறந்தன; உணவுக்குழாயின் உட்புறம் தடித்து அடைத்துக்கொண்டது. நுரையீரல் புற்றுநோய் சிலவற்றிலும் இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு ஓய்வின்றி இயங்குவதைக் காண்கிறோம். புற்றணுவும் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கிறது.

இப்போது என் முழங்காலுக்குத் திரும்புவோம். என்.ஆர்.எஃப்.2 எழுப்பும் மரபணுக்களுள் ஒன்று ஹீம் ஆக்ஸிஜனேஸ் என்ற நொதிக்கு உரியது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருள், புரதத்தின் பிடியிலிருந்து விடுபட்டால் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யும். ஹீம் ஆக்ஸிஜனேஸ் அதனை உடைக்கிறது. உடைந்ததும் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருள் கிடைக்கிறது. அது விரைவில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகிறது. கன்றிய இடம் பச்சையாகிப் பின் மஞ்சளானது இதனால்தான். பாட்டியின் பற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிலிருபினை வெறும் கழிவு என்றே நெடுநாள் பாடநூல்கள் கூறின. 1987-இல் அது தீய ஆக்ஸிகரணப் பொருள்களை வலிமையுடன் எதிர்ப்பது என்று கண்டனர். பிறவியிலேயே பிலிருபின் சற்று மிகுந்து, கண் இலேசாக மஞ்சளிக்கும் இயல்புடையோர் சிலர் உண்டு. அவர்களிடையே இதயக் குழாய் நோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறியுள்ளன.

அந்த நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1999-ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். அவன் உடலில் ஹீம் ஆக்ஸிஜனேஸின் முதல் வகை பிறவியிலேயே இல்லை. வளர்ச்சி குன்றியிருந்தான், இரத்த அணுக்கள் அழிந்துகொண்டிருந்தன, இரத்தக் குழாய்களின் உட்படலம் பெரிதும் சிதைந்திருந்தது. அக்கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, விளையாடி விழுந்த குழந்தைகளின் கன்றிய முழங்காலைப் பார்க்கும்போது என் கண் முதலில் தேடுவது அந்தப் பச்சை ஓரத்தைத்தான்.

தீய ஆக்ஸிகரணத்தை எதிர்க்கும் வைட்டமின்களை விழுங்கிவிட்டால் போதாதா? கடைகளில் புட்டி புட்டியாக விற்கிறார்களே என்பீர்கள். நல்ல நம்பிக்கையோடுதான் இதைச் சோதித்தனர். பிரிட்டனில் 20,536 பேருக்கு, அவர்களுள் நீரிழிவு உள்ளவர்களும் பலர், ஐந்து ஆண்டுகள் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் மாரடைப்பிலோ மரணத்திலோ வேறுபாடு இல்லை. ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு பகைவனைத் தாங்கித் தானும் செலவாகிவிடும். ஒரு காட்டலேஸ் மூலக்கூறோ ஒரு விநாடியில் இலட்சக்கணக்கானவற்றை உடைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. இன்னொன்றும் உண்டு. 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்வித்தனர். பயிற்சியால் இன்சுலின் நன்கு வேலைசெய்யத் தொடங்கிற்று. வைட்டமின் சி-யும் ஈ-யும் மிகுதியாக உண்டவர்களிடம் அந்நன்மை தோன்றவில்லை. பயிற்சியின்போது பிறக்கும் சிறிதளவு தீய பொருளே காவலரை எழுப்பும் மணி. மணியோசையை மாத்திரை அமுக்கிவிட்டது போலும். உணவில் உள்ள காய்களையும் கனிகளையும் இதற்காக யாரும் ஒதுக்க வேண்டாம். நான் பேசுவது புட்டியைப் பற்றி.

காவலரையே மருந்தால் எழுப்பும் முயற்சியும் நடந்தது. பார்டாக்ஸலோன் என்ற மருந்து கீப்-1 காவலனின் கையை மரக்கச் செய்வது. நீரிழிவால் சிறுநீரகம் மிகவும் பழுதடைந்த 2,185 பேரிடம் அதைச் சோதித்தனர். மருந்து உண்டவர்களிடம் இதயம் தளர்வது மிகுந்ததால் 2012-இல் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. எலியில் கற்ற பாடம் மனிதரிடம் வேறு வடிவில் திரும்பிவந்தது.

குழாய்க்குள் இரத்தம் ஒழுங்காக, விரைந்து ஓடும்போது அந்த உராய்வையே உட்படலம் உணர்ந்துகொள்ளுகிறது. அவ்வுணர்வு நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிப்பையும் என்.ஆர்.எஃப்.2 ஏற்பாட்டையும் ஊக்குகிறது. குழாய் கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சுழித்துத் தயங்குகிறது. கொழுப்புப் படிவுகள் அவ்விடங்களையே பெரும்பாலும் தேர்ந்துகொள்ளுகின்றன. வேகமாக நடக்கும்போது நாம் உட்படலத்துக்குச் சொல்லும் செய்தி இந்த உராய்வுதான். சர்க்கரையை அடக்கிவைப்பதன் பயனோ ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல்வகை நீரிழிவு உடைய 1,441 பேரிடம் நடந்த ஆய்வு 1993-இல் முடிந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண்திரை நோய் புதிதாகத் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்தது. அதன்பின் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் கட்டுப்படுத்திவந்தனர். ஆயினும் முன்பு தளர்வாக இருந்தவர்களின் குழாய்கள் பல ஆண்டுகள் வரை மிகுதியாகக் கெட்டுக்கொண்டே வந்தன. பழைய சர்க்கரையைக் குழாய்கள் நினைவில் வைத்திருக்கின்றன என்று இதைக் கூறுவர். என் பெரியப்பா மருந்தை ஒழுங்காக உண்ணத் தொடங்கியது பார்வை மங்கிய பிறகுதான். அப்போது சர்க்கரை குறைந்தது; கண் திரும்பவில்லை.

உடலைக் கீறாமலே இரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடம் விழித்திரை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் விவரித்து வெளியிட்ட கண்ணாடிக் கருவியால் அது இயன்றது. ஒருநாள் பெரியப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அம்மருத்துவர் என் ஆர்வத்தைக் கண்டு கருவியை என் கையில் கொடுத்தார். செம்மஞ்சள் நிறப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகள் கிளைத்துச் சென்றன. அவற்றின் ஓரங்களில், ஊசி முனையளவில், சிவந்த புள்ளிகள். ஒவ்வொன்றும் சுவர் தளர்ந்து புடைத்த ஒரு தந்துகி என்று அவர் சொன்னார். “என்னடா தெரிகிறது?” என்று பெரியப்பா கேட்டார். “குழாய்கள் தெரிகின்றன பெரியப்பா” என்றேன்.